கீழ்வீட்டுக்குப் போன சட்டி

எங்கள் குசினி அலுமாரியைத் திறந்தால் சொக்லேட் தலையில் விழும். கூட்டிச் சொல்லவில்லை. போன நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மஸுக்கு, முதல் நாள் உப்புப் போத்தலை எடுக்கக் கையை விட்டேன். தங்கத் தாள் சுற்றிய பெட்டி ஒன்று நெற்றியில் வந்து விழுந்து மூக்குக் கண்ணாடி வளைந்துபோனது. வீட்டில் இருப்பது நானும் என் மனுசனும் மட்டும். இரண்டு பேருக்கும் சீனி வருத்தம். இனிப்பைக் கண்ணால்கூடப் பார்க்கக்கூடாது என்று டாக்குத்தர் சொல்லியிருக்கிறார். நாங்களோ ஒரு சொக்லேட் கடையே வைத்திருக்கிறோம். அத்தனையும் கீழ்வீட்டு மனுசி தந்தவை.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பக்கத்து வீட்டிலிருந்து சட்டியில் கறி வந்தால் அந்தச் சட்டியை வெறுமனே திருப்பிக் கொடுக்க மாட்டோம். ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது, இரண்டு வாழைப்பழமாவது வைத்துத்தான் கொடுப்போம். வெறுஞ்சட்டி போனால் கொடுத்த வீட்டுக்கும் கூடாது, வாங்கின வீட்டுக்கும் கூடாது என்பார்கள். ஏன் என்று நான் கேட்டதில்லை, கேட்டிருந்தாலும் ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். மன்னாரிலிருந்து உயிரைத் தவிர வேறொன்றையும் கொண்டுவராத நாங்கள் இந்தப் பழக்கத்தை மட்டும் ஒழுங்காகக் கொண்டுவந்து சேர்த்தோம். சேர்த்ததோடு நிற்காமல் ஒரு ஜெர்மன்காரிக்கும் படிப்பித்துவிட்டோம். இந்த நாட்டுக்கு நாங்கள் செய்த கேடு அது ஒன்றுதான்.

நடந்தது இதுதான். ஜெர்மனியில் ரூர் பக்கத்து இந்த நகரத்துக்கு நாங்கள் அகதியாக வந்த புதிதில், முகாமிலிருந்து எடுத்து இந்தக் கட்டிடத்தின் மேல்மாடியில் ஓர் அறையும் குசினியும் தந்தார்கள். வேலை செய்ய அனுமதி இல்லை. கையில் காசு தரமாட்டார்கள், கூப்பன்தான். கடையில் காசு வாங்குகிற பெண் அந்தக் கூப்பனை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பாள். பின்னால் நிற்கிற சனம் பெருமூச்சு விடும். அப்போதும் கீழ்வீட்டில் அவள்தான் இருந்தாள். அவளுடைய மனுசனுக்கு நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை. அவள் நகரத்தின் நடுவிலிருந்த பெரிய உடுப்புக் கடையில், பெண்களுக்கான கோட் விற்கிற பகுதியில் நின்றாள். உதட்டுச் சாயமும் குதி உயர்ந்த சப்பாத்துமாக அவள் காலையில் வேலைக்குப் போவதை யன்னலால் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒரு மந்திரியின் பெண்சாதி நடந்துபோவது போல இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் நீலக்கரை வைத்த வெள்ளைத் தட்டில் அப்பிள் கேக் கொண்டுவந்து தந்தாள். கேக்கைச் சாப்பிட்டு முடித்தாயிற்று. தட்டு கிடக்கிறது. அதை எப்படி வெறுமனே கொடுப்பது? வீட்டில் ஒரு மண்ணும் இல்லை. தெரிந்த ஒருவர் தந்த கடலைப்பருப்புக் கொஞ்சம் கிடந்தது. அதை ஊறப்போட்டு, போத்தலின் அடியில் கிடந்த எண்ணெயை வழித்து ஊற்றி, மூன்று வடை சுட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் மலைத்துப்போனாள். என்னத்துக்கு இது என்று கேட்டாள். என் மனுசன் ஜெர்மன் பாஷையான டொச்சில் தெரிந்த பத்துச் சொல்லையும் இரண்டு கையையும் பாவித்து, எங்கள் நாட்டில் ஏதனத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கிறதில்லை என்று விளங்கப்படுத்தினார். அவளுக்கு அது நன்றாகப் பிடித்துப்போனது. கடையில் வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறாள். அதன் பிறகு என்னுடைய சட்டி எதுவும் வெறுமனே மேலே வந்ததில்லை.

விசா, கூப்பன் என்று நாங்கள் போகிற அலுவலகங்களுக்கும் எங்களோடு வருவாள். யாரும் கேட்கவில்லை, தானாகவே வருவாள். தன் கடையில் வாங்கின நல்ல கோட் ஒன்றைப் போட்டுக்கொண்டு, கைப்பையை மடியில் வைத்து எங்களுக்குப் பக்கத்தில் நிமிர்ந்து உட்காருவாள். அவள் இருந்தால் எங்கள் கடுதாசிகள் கொஞ்சம் கெதியாக நகரும்.

பிறகு காலம் புரண்டது. சுரங்கத்தை மூடினார்கள். அவளுடைய மனுசன் கொஞ்சக் காலம் இருமிக்கொண்டு இருந்துவிட்டுச் செத்துப்போனார். பிள்ளைகள் இல்லை. அந்த உடுப்புக் கடையும் முதலில் மேல்தளத்தை மூடி, பிறகு முழுக்க மூடி, இப்போது முன்பக்கத்தில் யாரோ தொலைபேசி உறை விற்கிறார்கள், மற்றதெல்லாம் பலகை அடித்துக் கிடக்கிறது. ஐம்பது கடந்தவளுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? பேக்கரியில் அரை நாள், பல் வைத்தியரிடம் துடைக்கிற வேலை அரை நாள் என்று, பென்சனில் சேராத வேலைகளாகச் செய்து காலத்தை ஓட்டினாள். எங்களுக்கு அதே காலத்தில் விசா கிடைத்தது, வேலை கிடைத்தது. மனுசன் குழாய்த் தொழிற்சாலையில், நான் முதியோர் இல்லக் குசினியில். இந்தப் பக்கத்து வீடுகளை ஒருவரும் சீண்டாத காலத்தில் இருக்கிற வீட்டையே வாங்கிப்போட்டோம். மகன் படித்து மியூனிக்கில் பெரிய வேலையில் இருக்கிறான். ஒரே படிக்கட்டில் நாங்கள் ஏறிக்கொண்டிருந்தோம், அவள் இறங்கிக்கொண்டிருந்தாள். அதை நான் கவனிக்கவே இல்லை. வேலைக்குப் போய் வரவே எனக்கு நேரம் சரியாக இருந்தது.

போன இலையுதிர் காலத்தில்தான் கண்டேன். வேலை முடிந்து ட்ராமால் இறங்குகிறேன், தரிப்பிடத்துக் குப்பைத் தொட்டிக்குள் ஒருத்தி கையை விட்டுத் துழாவிக்கொண்டு நிற்கிறாள். நல்ல வடிவான கையுறை போட்டிருந்தாள். வெற்றுப் போத்தலைக் கடையில் கொடுத்தால் சில்லறை தருவார்கள். அதற்காகப் பொறுக்குகிற சனம் இந்த நாட்டில் எல்லாத் தரிப்பிடத்திலும் உண்டு, எனக்கு அது புதிது இல்லை. அவள் நிமிர்ந்தபோதுதான் யார் என்று தெரிந்தது. என்னைக் கண்டதும், "என்ர மற்றக் கையுறை உதுக்குள்ள விழுந்திட்டுது" என்றாள். இரண்டு கையிலும் கையுறை இருந்தது. (அவள் பேசுவது டொச். என் காதில் அது எங்கள் தமிழாகத்தான் விழும், அப்படியே எழுதுகிறேன்.) "ஐயோ, அப்பிடியே" என்று நானும் சொல்லிவிட்டு, விசரி மாதிரி அந்தத் தொட்டிக்குள் எட்டிக் கையுறை தேடினேன்.

வீட்டுக்கு வந்து சட்டியை அடுப்பில் வைத்த சத்தத்தில் மனுசன் ஓடிவந்தார்.

"என்னப்பா, ஏன் சட்டியைப் போட்டு உடைக்கிறீர்?"

"என்ர வாயைக் கிளறாதேங்கோ."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஆரில் கோபம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நான் வேலை செய்கிற குசினியில் ஒவ்வொரு நாளும் மிஞ்சுகிற உருளைக்கிழங்கையும் இறைச்சியையும் வாளிவாளியாகக் கொட்டுகிறோம். சுகாதாரச் சட்டமாம். ஒரு கரண்டி வீட்டுக்குக் கொண்டுபோனாலும் வேலை போய்விடும். ரயில் ஏறி டுசல்டோர்ஃப் கடைத்தெருவுக்குப் போனால், ஒரு கைப்பையைக் கண்ணாடிக்குள் தனியாக விளக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள், அதற்குக் காவலுக்கு ஓர் ஆள் நிற்கிறார். இந்தப் பக்கம், வாழ்நாள் முழுக்கக் கோட் விற்றவள் குப்பைக்குள் கையை விடுகிறாள். இவ்வளவு பணக்கார நாடு இது. நாங்கள் சாகாமல் தப்பிப் பிழைக்கத் தேடிவந்த நாடு. கோதாரி விழுந்த நாடு என்று அன்றைக்குத்தான் முதன்முதலாக வாய்விட்டுத் திட்டினேன்.

அடுத்த நாளே மூடி போட்ட சில்வர் சட்டியில் சோறும் பருப்பும் கத்தரிக்காய்ப் பால்கறியும் போட்டு, உறைப்பைக் குறைத்து, கீழே கொண்டுபோய்க் கொடுத்தேன். "மிஞ்சிப்போச்சு, கொட்டாமல் சாப்பிடுங்கோ" என்று ஒரு பொய்யும் சொன்னேன். கண் விரிய வாங்கினாள். இரண்டு நாள் கழித்துச் சட்டி மேலே வந்தது. பளபளவென்று மினுக்கி, உள்ளே தங்கத் தாள் சுற்றின சொக்லேட் பெட்டி. மலிவானதும் இல்லை, வடிவான ரிப்பன் கட்டின வகை.

நான் பெட்டியைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன். அவள் மேடையில் பரிசு வாங்கின பிள்ளை மாதிரிச் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். என்ன சொல்ல? "நன்றி" என்றேன். கதவைச் சாத்திவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன். போத்தல் பொறுக்கின காசு, எங்கள் அலுமாரியில் வந்து உட்கார்ந்திருக்கிறது!

சரி, சட்டியைக் கொடுத்தால்தானே திருப்பித் தருவாள் என்று, ஐஸ்கிரீம் வந்த பிளாஸ்டிக் பெட்டியில் போட்டுக் கொடுத்தேன். எங்கள் வீடுகளில் அந்தப் பெட்டியை ஒருவரும் திருப்பித் தருவதில்லை. இது ஜெர்மன்காரி. கழுவித் துடைத்து, மூடியையும் தேடிப் பூட்டி, உள்ளே ஒரு கட்டு நத்தார்ப் பூப்போட்ட காகிதக் கைக்குட்டையோடு கொண்டுவந்தாள். ஈயத் தாளில் புட்டைச் சுற்றிக் கொடுத்தேன், இதை எப்படித் திருப்பித் தருவாய் பார்ப்போம் என்று. அந்த ஈயத் தாளை நீவி, நாலாக மடித்து, அதன் மேல் ஒரு சின்ன ஜாம் போத்தலை வைத்துத் தந்தாள். என் மனுசனுக்கு நெஞ்சு நோகச் சிரிப்பு.

"சிரியுங்கோ, சிரியுங்கோ. கையைக் காலை ஆட்டி விளங்கப்படுத்தினது நீங்கள்தானே."

"நான் என்னத்தைக் கண்டன். அவ இப்பிடிப் பிடிச்சுக்கொள்ளுவா எண்டு ஆர் நினைச்சது?"

ஒருமுறை நேரடியாகவே சொன்னேன். இனி ஒன்றும் வைக்கவேண்டாம், எங்களுக்குச் சீனி வருத்தம் என்றேன். தலையாட்டினாள். அடுத்த தடவை சட்டி இலேசாக வந்தது, அப்பாடா என்று மூடியைத் திறந்தால் மூடியின் உட்பக்கத்தில் ஒட்டு நாடாவால் ஒட்டி வைத்திருக்கிறாள். சீனி போடாத சொக்லேட். அது மற்றதைவிட விலை. தவக்காலம் தொடங்கின பிறகும் விடவில்லை. மாதாவே, எனக்கு வந்த ஆக்கினை!

மகனுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். மியூனிக்கிலிருந்து அவன் சொன்ன பதில்:

"அம்மா, சின்னப் பென்சன்காரருக்கு அரசாங்கம் உதவிப்பணம் குடுக்குது. அவ ஒரு அன்ட்ராக் போட்டாச் சரி. நீங்கள் ஏன் உதுக்குள்ள தலையைப் போடுறீங்கள்? சிஸ்டம் இருக்குத்தானே."

"சிஸ்டம் வந்து சோறு போடுமோடா?"

"ஓம், போடும். அவ கேக்கோணும், அவ்வளவுதான்."

அவனுக்கு எல்லாம் சுலபம். கேட்கவேண்டியது ஒன்றுதான் பாக்கி. இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை, பெருமூச்சு விடுகிற வரிசையில் ஒருநாளும் முன்னுக்கு நிற்காத பிள்ளை. அவனைப் பெற்றவள் நானே, யாரைப் போய்க் குறை சொல்ல? ஆனால் அவன் சொன்னதில் பிழை இல்லை. உதவிப்பணம் இருப்பது உண்மை. ஆகவே ஒருநாள் பின்னேரம் படியில் அவளை மறித்து, அந்த அன்ட்ராக் விண்ணப்பத்தைப் போடுங்கோ, நானும் கூட வாறன், போறதுக்கு நாள் குறிச்சு டேர்மின் எடுத்துத் தாறன் என்றேன்.

அவள் முகம் கல்லாகப் போனது.

"நான் உங்களோட அந்தக் கந்தோருகளுக்கு வந்தனான், ஞாபகம் இருக்கோ?"

"மறப்பனே?"

"மேசைக்கு அங்கால இருந்தவன் என்னோட ஒரு குரலிலை கதைப்பான். உங்களிட்டத் திரும்பினா வேற குரல். நான் பக்கத்தில இருந்து ரெண்டையும் கேட்டுக்கொண்டிருந்தனான்." கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "அந்த மற்றக் குரல் எனக்கு வேண்டாம்."

சொல்லிவிட்டுக் கதவைத் திறந்து உள்ளே போய்விட்டாள். நான் படியிலேயே நின்றேன். அந்தக் குரலை நாங்கள் ஆண்டுக்கணக்காகக் கேட்டோம், பழகியும் போனோம். கொஞ்ச நேரம் அவள்மேல் எனக்குக் கோபம்கூட வந்தது. எங்களுக்கு ஆகும், உனக்கு ஆகாதோ? என்ன கெப்பர்! பிறகு யோசித்தேன். அப்போது எங்களைப் பார்த்து அவளுக்கு நொந்திருக்கிறது. அதை இவ்வளவு காலமும் எங்களுக்குச் சொல்லாமல் வைத்திருக்கிறாள்.

அன்றிரவு படுத்துக்கிடந்து ஒரு கணக்குப் போட்டேன். நான் சோறு அனுப்ப அனுப்ப அவள் சொக்லேட் வாங்குகிறாள். சொக்லேட் வாங்க வாங்க அவளுக்குச் சாப்பாட்டுக்குக் காசு குறைகிறது. அப்படியென்றால் நான் உதவி செய்யவில்லை, அவளுடைய பணப்பையில் ஓட்டை போடுகிறேன். இனிச் சட்டி அனுப்புவதில்லை என்று முடிவெடுத்தேன். பெரிய அறிவாளி முடிவு. காலையில் எழும்பி மனுசனுக்கும் சொன்னேன். "நீர் சொன்னாச் சரி" என்றார். என்னோடு வாழ்ந்து பழகின மனுசன் வேறு என்ன சொல்வார்?

இரண்டு மூன்று கிழமை சட்டி போகவில்லை. படியில் கண்டால் அவள் வணக்கம் சொன்னாள், முன்புபோல நின்று கதைக்கவில்லை. அன்ட்ராக் போடச் சொன்னதில் கோபம் என்று நினைத்தேன். ஆறட்டும் என்று விட்டேன். பங்குனி பிறந்தும் விடாத குளிர், யன்னல் ஓரமெல்லாம் பனி. அவளுடைய சமையல் வாசம் படிக்கட்டில் வருவதில்லை என்பதும் தெரிந்துதான் இருந்தது. முதலும் பெரிதாக வந்ததில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போக வெளிக்கிட்டுக்கொண்டிருக்கிறேன், முன்னுக்கு இறங்கிப்போன மனுசன் கீழிருந்து கத்தினார்.

"இஞ்சாரும்! கெதியா வாரும்!"

தபால் பெட்டிகளுக்குக் கீழே, படியில் அவள் உட்கார்ந்திருந்தாள். சுவரில் தலை. முகம் வெள்ளைத் துணியாக இருந்தது. ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, கால் சறுக்கிப்போச்சு என்றாள். சறுக்கவில்லை, தலைசுற்றி விழுந்திருக்கிறாள். இரண்டு பேரும் இரண்டு பக்கமாகப் பிடித்து அவளுடைய வீட்டுக்குக் கொண்டுபோனோம். கதவடியில் நின்று, "உள்ளுக்கு வேண்டாம், நான் போறன், நீங்கள் பூசைக்குப் போங்கோ" என்று மறித்தாள். நான் கேட்கவில்லை. தோளால் கதவைத் தள்ளிக்கொண்டு போனேன்.

வெளியிலும் குளிர், உள்ளேயும் அதே குளிர். சூடேற்றி மூடிக்கிடந்தது. அப்போதுதான் பார்த்தேன், அவள் போட்டிருந்தது அந்தப் பழைய கடைக் கோட். வீட்டுக்குள்ளும் அதைப் போட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். கதிரைச் சாய்மணையில் அதன் நூல் ஒட்டிக்கிடந்தது. வீடு துடைத்து வைத்த மாதிரிச் சுத்தம். இனிப்பாக ஏதும் குடிக்கக் கொடுப்போம் என்று குசினிக்குள் போய்க் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தேன். ஒரு கடுகுப் போத்தல். மாஜரின். பாதி வெங்காயம், காய்ந்துவிடாமல் கவனமாகச் சுற்றி வைத்தது. வேறு ஒன்றும் இல்லை. பாலும் இல்லை.

மேலே தட்டில், மடித்த கைக்குட்டை ஒன்றின் மேல், தங்கத் தாள் சுற்றி ரிப்பன் கட்டின சொக்லேட் பெட்டி இருந்தது.

நான் அதைக் கையில் எடுத்தேன். கதிரையில் இருந்தபடியே அவள் பதறினாள்.

"அதைத் தொடாதேங்கோ. அது உங்களுக்கு."

"எங்களுக்கோ?"

"சட்டி வந்தா உள்ளுக்கு வைக்கிறதுக்கு வாங்கி வைச்சனான். பிறகு சட்டி வரேல்லை." கோட்டின் பொத்தானைப் பூட்டிக்கொண்டாள். "நான் வைச்சது உங்களுக்குப் போதாமப் போச்சோ எண்டு நினைச்சன்."

இவள் பசியில் தலைசுற்றி விழுந்திருக்கிறாள். கைக்கு எட்டின தூரத்தில் ஒரு பெட்டி சொக்லேட். அதில் ஒன்றை எடுத்து வாயில் போடவில்லை, எங்களுடையது என்று. போதாதாம்! அடுக்கடுக்காக அலுமாரியில் கிடந்து என் மண்டையை உடைக்கிறது, போதாதாம்!

ரிப்பனை அவிழ்க்கக்கூடப் பொறுமை இல்லை, பல்லால் கடித்து இழுத்தேன். தங்கத் தாளைக் கிழித்து எறிந்தேன். ஒன்றை எடுத்து அவள் வாயில் திணித்தேன்.

"சாப்பிடுங்கோ! விழுங்குங்கோ! உங்களுக்கென்ன விசரோ? ஆர் உங்களிட்டச் சொக்லேட் கேட்டது? சாகப்போறியளோ எங்களுக்குச் சொக்லேட் வாங்கித் தந்து?"

"இஞ்சாரும், மெதுவா" என்றார் மனுசன்.

"நீங்கள் சும்மா இருங்கோ! போய்ச் சூடேற்றியைத் திறவுங்கோ!"

அவள் வாய் நிறையச் சொக்லேட்டோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் வழிந்தது. அவளுக்கா எனக்கா முதலில் வந்தது என்று சொல்ல முடியாது. நான் மேலே ஓடிப்போய், முதல் நாள் சொதியைச் சூடாக்கி, இடியப்பத்தைப் பிய்த்துப் போட்டுக் கொண்டுவந்தேன். கரண்டி தட்டில் படுகிற சத்தம் நிற்காமல் சாப்பிட்டாள். அன்றைக்குப் பூசை அதுதான். அடுத்த நாள் டாக்குத்தரிடம் கூட்டிக்கொண்டு போனேன். சாப்பாடு போதாது என்றார். இதைச் சொல்ல ஒரு டாக்குத்தர், அதற்கு ஒரு டேர்மின்!

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமையே, சாப்பிட்டு முடித்தவுடன் அவள் எழும்பித் தட்டைக் கழுவினாள். கழுவிவிட்டு, தட்டில் வைக்க என்ன இருக்கிறது என்று சுற்றும் முற்றும் பார்க்கிறாள்! நான் கையைப் பிடித்து இருத்தினேன்.

"இனி வெறுஞ்சட்டிதான் மேல வரோணும். இல்லாட்டி உங்களோட நான் கதைக்க மாட்டன்."

"வெறுஞ்சட்டி குடுக்கக் கூடாதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

"அது வேற வீட்டு ஆக்களுக்கு" என்றேன். அந்த நேரத்தில் வாய்க்கு வந்ததுதான், ஆனால் சொன்னபோதே அது உண்மை என்று தெரிந்தது. "ஒரு வீட்டுக்குள்ள ஆரும் சட்டியை நிரப்பிக் குடுக்கிறதில்லை. என்ர மகன் சாப்பிட்டிட்டுக் கோப்பையை எப்பிடித் தாறவன் தெரியுமோ? வெறுங்கோப்பை. அதையும் கழுவாமல் மேசையில விட்டிட்டுப் போவான்."

அவள் சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பு நின்றது.

"அப்ப நான் வேற வீடில்லையோ?"

"இல்லை."

சூடேற்றி தட்டுத்தட்டென்று சூடாகத் தொடங்குகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு மூன்று பேரும் இருந்தோம்.

இதனால் என்ன மாறிப்போனது என்று கேட்டால், ஒன்றும் மாறவில்லை. அவளுடைய பென்சன் அதே பென்சன்தான். தரிப்பிடத்துத் தொட்டிக்குள் கைகள் குறையவில்லை. நான் நாளைக்கும் வாளிவாளியாகக் கொட்டத்தான் போகிறேன். இந்தப் பெரிய நாட்டின் பிழையைச் சரிக்கட்ட என்னுடைய ஒரு சில்வர் சட்டி காணாது, அது எனக்கும் தெரியும். நான் ஒரு குசினிக்காரி. அன்ட்ராக் கடுதாசியை மகன் அச்சடித்து அனுப்பியிருக்கிறான். கீழ்வீட்டு மேசையில் கிடக்கிறது. ஒவ்வொரு நாளும் அதைப்பற்றி நச்சரிக்கிறேன். மேசைக்கு அங்கால் இருக்கிறவன் அந்த மற்றக் குரலை எடுத்தால், என்ர குரலையும் அவன் ஒருக்காக் கேட்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன். இன்னும் சம்மதிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை சட்டி கீழே போனது. சோறு, கோழிக்கறி, முட்டைக்கோஸ் வறை. புதன் வரவில்லை. வியாழனும் வரவில்லை.

"கடைக்குப் போயிருப்பா" என்றார் மனுசன்.

"வாயைக் கழுவுங்கோ."

வெள்ளிக்கிழமை நான் வேலையால் வந்து சப்பாத்துக் கழற்றும்போது மணி அடித்தது. அவள் நின்றாள். கோட் இல்லை, வீட்டுச் சட்டையோடு நின்றாள். முகம் சிவந்திருந்தது. களவெடுத்துப் பிடிபட்ட ஆள் போல, சட்டியை இரண்டு கையாலும் முன்னுக்கு நீட்டினாள்.

எனக்கு அவளில் நம்பிக்கை இல்லை. அவளுக்கு முன்னாலேயே மூடியைத் திறந்தேன். மூடியின் உட்பக்கத்தைப் பார்த்தேன். சட்டியைக் கவிழ்த்துப் பிடித்து உதறினேன். ஒன்றும் விழவில்லை.

அவள் போகாமல் நின்றாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, இவ்வளவு காலத்தில் என்னிடம் ஒன்றும் கேட்டறியாத அந்த மனுசி, மெல்லிய குரலில் கேட்டாள்:

"நாளைக்கு என்ன சமையல்?"

சட்டியின் அடியை விரலால் தேய்த்துப் பார்த்தேன். என் முகத்தை அவளுக்குக் காட்ட நான் ஆயத்தமில்லை.

"தாறதைச் சாப்பிடுங்கோ" என்றேன். "சட்டி அடியும் வடிவாக் கழுவுப்படேல்லை."